கட்டிலுக்கடியில் ஒரு கறுப்புப் பெட்டி



காக்களூர் ஏரிக்குப் பக்கத்துத் தெருவில், என் சிறுவயதில் ஒரு தச்சர் இருந்தார். ஊருக்கு அவர் ‘மிலிட்டரி ஆசாரி’. பட்டறையில் சுருள் சுருளாக விழும் சீவல்களைப் பொறுக்கியிருக்கிறேன். போரைப் பற்றி ஒருநாளும் கேட்டதில்லை. அது இப்போது உறுத்துகிறது.

சென்ற வாரம் அந்த வீட்டுக்குப் போனேன். அவர் காலமாகிப் பல வருஷம். அவர் மனைவி, எங்களுக்கு அம்மா, கட்டிலுக்கடியிலிருந்து கறுப்பு டிரங்குப் பெட்டியை இழுத்தார். மூடியில் வெள்ளைப் பெயின்டில் எண்ணும் பெயரும். உள்ளே பழைய உறையில் பதக்கங்கள். அவற்றுக்கு மேலே, எண்ணெய்த் துணியில் சுற்றிய இழைப்புளி.

“மெடலை வச்சிப் பசங்க விளையாடும், ஒண்ணும் சொல்லமாட்டாரு. இதத் தொட்டா மட்டும் சத்தம் போடுவாரு” என்றார்.

ஆசாரி இருந்தது மெட்ராஸ் சாப்பர்ஸ் என்ற ராணுவப் பொறியாளர் படையில். 1780-ல் பிறந்த படை. பெங்களூர் அல்சூர் ஏரியருகே தலைமையகம். ராணுவம் முழுக்க இவர்களைத் ‘தம்பி’ என்றே அழைக்கும். துப்பாக்கி பிடிக்கும் கை தச்சு, கொத்து, கொல்லு என்று ஒரு தொழிலும் பழகும். காஞ்சிபுரம் பக்கத்துக் கீழ்ஒட்டிவாக்கத்தில் பிறந்த சுபேதார் சுப்பிரமணியனும் இந்தப் படைதான். 1944 பிப்ரவரி 24 அன்று இத்தாலியில் கண்ணிவெடி மேல் விழுந்து, தன் உயிரைக் கொடுத்துக் கூட இருந்தவர்களைக் காப்பாற்றினார். ஜார்ஜ் கிராஸ் விருது அவர் மறைந்த பிறகு வந்தது. 1971 டிசம்பரில், பாகிஸ்தானுடனான போரில், பசந்தர் ஆற்றங்கரையில் கண்ணிவெடிகளை அகற்றி, டாங்கிகளுக்கு வழி திறந்தவர்களும் சாப்பர்களே.

ஆசாரியும் போன அந்தப் போர் 13 நாள் நடந்தது. அம்மாவின் கணக்கில் அது முடியவே இல்லை. தெருமுனை டீக்கடை ரேடியோவில் செய்தி தொடங்கும்போதெல்லாம், இடுப்பில் கைக்குழந்தையோடு வாசலில் வந்து நிற்பாராம். போர் நின்ற பிறகும், கணவர் கையெழுத்தில் ஒரு இன்லண்ட் லெட்டர் வரும்வரை தொண்டையில் சோறு இறங்கவில்லை என்றார். அதைச் சொல்லும்போதும் அவர் கண் வாசலுக்கே போனது.

அந்தக் கைக்குழந்தை இன்று தாத்தா. சிட்கோ தொழிற்பேட்டையில் இயந்திரங்களை அனுப்பும் மரப்பெட்டிகளை அடித்தே பிள்ளைகளைப் படிக்கவைத்தவர். அப்பாவின் இழைப்புளிக்கு மாதம் ஒருமுறை எண்ணெய் போடுவது அவர்தான்.

உங்கள் வீட்டுக் கட்டிலுக்கடியிலும் இப்படி ஒரு கறுப்புப் பெட்டி இருக்கலாம். திறந்து பாருங்கள். பக்கத்தில் உட்கார்ந்து கேட்க ஆள் இருக்கும்போதே கேளுங்கள். பதக்கத்துக்கு மேலே என்ன வைத்திருந்தார்கள் என்று எங்களுக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்