செவியால் படிப்போரும் நம் எழுத்துப் பிழைகளும்

விழியிழந்த ஒருவர் கணிப்பொறியின் முன் அமர்ந்து செய்தித்தாள் படிக்கிறார் என்று ஐம்பது ஆண்டுகளுக்கு முன் எவரேனும் சொல்லியிருந்தால், கட்டுக்கதை என்று தள்ளியிருப்போம். இற்றை நாளில் அது நம் ஊர்க் கல்லூரிகளிலேயே நடக்கிறது. திரையில் தோன்றும் எழுத்தைப் பொறியே பேச்சாக்கிச் செவியில் சேர்க்கிறது. அப்பணியைச் செய்யும் மென்பொருளுக்குத் திரைபடிப்பான் என்று பெயர். நாளை அது எவ்வாறு வளரும் என்று மேலைநாட்டார் பெரிதும் ஆராய்கின்றனர். அவ்வளர்ச்சியில் தமிழுக்கு இடம் எவ்வளவு என்று கேட்பார் நம்மில் மிகச் சிலரே. முதலில் கேட்டிருக்க வேண்டியவர்களோ தமிழாசிரியர்களாகிய நாம்!

எனக்குள் இவ்வினாவை எழுப்பியவர் என் பழைய மாணவர் ஒருவர். பிறவியிலேயே பார்வையில்லாதவர், தமிழிலக்கியத்தில் முதுகலை முடித்து ஆசிரியர் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தார். ஒருநாள் என் வீட்டிற்கு வந்து, யாரோ அனுப்பிய பாடக்குறிப்பொன்றைத் தம் கணிப்பொறியில் திறந்து, "ஐயா, இதைக் கொஞ்சம் கேளுங்கள்" என்றார். பொறி, "சே, கே, பி, ஓ, அரைப்புள்ளி" என்று ஆங்கில எழுத்துகளை ஒப்பித்தது. எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. திரையை நோக்கினேன். அங்கே 'தமிழ்' என்று அழகாக எழுதியிருந்தது.

நடந்தது இதுதான். அக்குறிப்பு பாமினி என்னும் பழைய எழுத்துருவில் அச்சிடப்பட்டது. அத்தகைய எழுத்துருக்களில் உள்ளே இருப்பது ஆங்கில எழுத்தின் குறியெண். மேலே போர்த்தியிருப்பதே தமிழ் வடிவம். கண்ணுடையார் போர்வையைக் கண்டு படித்துவிடுவர். பொறிக்குப் போர்வை தெரியாது. உள்ளிருக்கும் எண்ணையே அது அறியும். இக்குறையைக் களையவே ஒவ்வோர் எழுத்துக்கும் உலகெங்கும் ஒரே எண் என்னும் ஒருங்குறி வந்தது. 1991ஆம் ஆண்டிலேயே அதில் தமிழுக்கு இடம் கிடைத்துவிட்டது. தமிழக அரசும் 2010இல் அதனை ஏற்று ஆணை பிறப்பித்தது. அதன் பின்னரும் எத்தனை அச்சகங்கள், எத்தனை பதிப்பகங்கள், ஏன், எத்தனை தமிழியக்கங்கள் இன்னும் அந்தப் பழைய போர்வைக்குள்ளேயே கிடக்கின்றன! 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கின்படி இந்நாட்டில் பார்வைக் குறைபாடுடையோர் ஏறத்தாழ 50 இலக்கம் பேர். அவர்களுள் தமிழரும் உளர் என்பதை நாம் மறந்துவிட்டோம்.

திரைபடிப்பானின் வரலாறு நீண்டதன்று. 1980களில் அமெரிக்காவில் ஐ.பி.எம். நிறுவனத்துக் கணித அறிஞர் சிம் தாச்சர், பார்வையற்ற தம் உடன்பணியாளர் ஒருவர்க்காக முதற்பொறிகளுள் ஒன்றை ஆக்கினார். உந்துவண்டிப் பந்தய வீரராயிருந்து 1978இல் நேர்ச்சியொன்றில் கண்ணிழந்த தெட் எண்டர் தொடங்கிய நிறுவனம் 1989இல் 'சாசு' என்னும் மென்பொருளை வெளியிட்டது. அது சிறந்த கருவிதான். விலையோ நம் மாணவர்க்கு எட்டாக்கனி. 2006இல் ஆத்திரேலியாவில் மைக்கேல் கரன் என்னும் பார்வையற்ற இளைஞர், 'கண்ணுடையானுக்குக் கணிப்பொறியோடு திரையும் சேர்ந்தே கிடைக்கும்போது கண்ணில்லாதவன் மட்டும் அத்திரையை அறியத் தனி விலை ஏன் கொடுக்க வேண்டும்?' என்று எண்ணினார் போலும். அவர் தொடங்கிய என்.வி.டி.ஏ. என்னும் திரைபடிப்பானை எவரும் விலையின்றிப் பெறலாம்; அதன் மூல நிரலை எவரும் திருத்தலாம். அதனால்தான் அதன் கட்டளைகள் தமிழிலும் பெயர்க்கப்பட்டுள்ளன. பொருளீட்டும் நிறுவனம் ஒன்று தமிழுக்காக இவ்வளவு விரைந்து வந்திராது. என் மாணவர் கையில் இருப்பதும் அதுவே.

இனித் தமிழ்க் குரலுக்கு வருவோம். நம் இலக்கணம் எத்துணைப் பெரிய செல்வம் என்பது இங்கேதான் விளங்குகிறது. ஆங்கிலத்தை ஒலிக்க வேண்டிய பொறிக்குப் பேரகராதி ஒன்று வேண்டும். அம்மொழியில் எழுத்து ஒன்று, ஒலி வேறு. தமிழிலோ எழுத்து நின்ற இடமே ஒலியைக் கூறிவிடும். கல், பக்கம், தங்கம், பகல் என்னும் சொற்களில் ககரம் ஒன்றே. ஒலியோ முதலில் ஒருவகை, இரட்டித்தால் ஒருவகை, மெல்லினத்தை அடுத்து ஒருவகை, உயிர்களின் இடையே ஒருவகை. இந்நெறியைச் சில வரிகளில் பொறிக்குக் கற்பித்துவிடலாம். குற்றியலுகரத்தையும் ஐகாரக் குறுக்கத்தையும் சேர்த்துக் கற்பித்தால் குரல் இன்னும் திருந்தும். 'காடு' என்பதன் ஈற்று உகரத்தை இதழ் குவித்து முழு உகரமாக ஒலிக்கும் பொறிக்குரல், பொறிஞர் அருகில் தமிழாசிரியர் இல்லாமற்போனதன் அடையாளமேயன்றி வேறென்ன?

நெறி தடுமாறும் இடம் எது? பயன் என்பதைப் பிழையின்றி ஒலிக்கும் பொறி, பயம் என்பதில் தடுக்கி விழுகிறது. இரண்டும் பகர முதலே. பின்னதை மட்டும் மக்கள் வடமொழி ஒலியோடு சொல்கின்றனர். பாவம் என்று எழுதினால் அது தீவினையா, மெய்ப்பாடா? ஒலி வேறு, எழுத்து ஒன்று. அச்சம் என்றும், தீவினை என்றும், மெய்ப்பாடு என்றும் எழுதிப் பாருங்கள், பொறி தயங்காது. விலக்குச் சொற்பட்டியல் கொடுத்துக் கலப்பு நடையையும் ஒருவாறு படிக்கச் செய்யலாம் என்று பொறிஞர் கூறுவர், உண்மைதான். ஆயினும் நாளும் புகும் அயற்சொற்களைத் துரத்திக்கொண்டு அப்பட்டியல் ஓடிக்கொண்டே இருக்க வேண்டுமே!

கலப்பு நடையாரை மட்டும் குறை கூறுதல் நேர்மையன்று. நம் குற்றமும் உண்டு. தட்டச்சு செய்வோர் பலர் 'தமிழர்' என்பதன் ஈற்றில் ரகர ஒற்றுக்கு மாறாகத் துணைக்காலை இட்டு மேலே புள்ளி வைக்கின்றனர். 'கௌ' என்பதில் ஔகாரக் குறிக்கு மாறாக ஒற்றைக்கொம்பும் தனி ளகரமும் இடுகின்றனர். கண்ணுக்கு வேறுபாடு தெரியாது. செவிக்கு அங்கே சொல்லே சிதைந்துபோகிறது. தலைப்பை அகலமாக்கும் பொருட்டு எழுத்துகளுக்கிடையே வெளிவிட்டு அடித்தால், பொறி த, மி, ழ் என்று உயிரெழுத்து கற்கும் பிள்ளையைப் போல் ஒவ்வொன்றாய்க் கூறுகிறது. நாலைந்து சொற்களைப் புணர்த்து ஒரே முழக்கோலாக நீட்டும் நம் புலவர் நடையும் விரைந்து கேட்பார்க்கு இடர்ப்பாடே. இதில் நானும் குற்றவாளி. 'ஐயா, உங்கள் கட்டுரையை மட்டும் இருமுறை கேட்க வேண்டியிருக்கிறது' என்று அம்மாணவர் சிரித்துக்கொண்டே சொன்னார்! ஒற்றை மட்டும் விடாதீர்கள் என்றும் சொன்னார். வேலை கொடுத்தான் என்பதும் வேலைக் கொடுத்தான் என்பதும் அவர்க்குச் செவியளவிலேயே வேறுபட்டாக வேண்டும்; திரும்பிப் பார்க்க அவர்க்குப் பக்கம் இல்லை.

வருங்காலத்தைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் குரலின் இனிமையைப் பேசுகின்றனர். மாந்தன் குரலோ பொறிக்குரலோ என்று ஐயுறும் அளவுக்குச் செயற்கை அறிவு இன்று பேசுகிறது. நன்றே. ஆனால் பழகிய பார்வையற்றோர் நாம் பேசும் விரைவினும் இருமடங்கு, மும்மடங்கு விரைவில் கேட்கின்றனர். அவ்விரைவில் இனிய குரல் குழறுகிறது. ஈசுபீக்கு போன்ற உலர்ந்த பொறிக்குரலே தெளிவாக நிற்கிறது. கண்ணுடையார் தம் செவிக்கு இனியதைப் பிறர்க்கு ஆக்கித் தருதல் ஈகையாகாது. கேட்போரை அமர்த்திக் கேட்டு ஆக்குதலே முறை.

இதனினும் பெரிய மாற்றம் ஒன்று வந்துள்ளது. செயற்கை அறிவு படத்தைப் பார்த்து, அதில் என்ன உள்ளதென்று சொல்லத் தொடங்கியுள்ளது. படமாகவே சுற்றிவரும் அறிவிப்புகளும் அழைப்பிதழ்களும் பார்வையற்றோர்க்கு இதுகாறும் வெற்றுச் சுவர். அச்சுவரில் இப்பொழுது ஒரு வாயில் திறந்திருக்கிறது. நான் இதனை மகிழ்ந்தே வரவேற்கிறேன். எனினும் அவ்வறிவு தெரியாததையும் தெரிந்ததுபோல் துணிந்து கூறும் இயல்புடையது. இல்லாத வரியை உண்டென்று சொன்னால், சரிபார்க்கக் கண்ணில்லாதவர் என் செய்வார்? பக்கம் முழுவதையும் படித்து 'இதன் சாரம் இது' என்று பொறியே கூறிவிடும் காலத்தைச் சிலர் பொற்காலம் என்கின்றனர். சாரம் கேட்பவன் வேறு, நூல் படிப்பவன் வேறு. நூற்பாவை ஒவ்வோர் எழுத்தாய் நிறுத்தி, இங்கே லகரமா ளகரமா ழகரமா என்று தானே தேர்ந்தறியும் உரிமையைத் திரைபடிப்பான் பார்வையற்ற மாணவனுக்கு அளித்தது. இடையில் ஒரு சொல்லாளியை அமர்த்தி அவ்வுரிமையைத் திரும்பப் பெறுதல் ஆகாது. பழையது இருக்கட்டும், புதியது அதனருகே நிற்கட்டும்.

சட்டம் தடையாக இல்லை. 2012இல் திருத்தப்பட்ட பதிப்புரிமைச் சட்டம், படிக்க இயலாதோர்க்காக நூல்களை ஏற்ற வடிவில் ஆக்க இசைகிறது. 2013இல் மராக்கேசில் எழுந்த உலக உடன்படிக்கையை அடுத்த ஆண்டே முதன்முதலாக உறுதிசெய்த நாடு இந்தியாவே. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமும் உள்ளது. சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகமும் பெங்களூரு இந்திய அறிவியல் கழகமும் தமிழ்ப் பேச்சுப்பொறி பற்றி ஆண்டுக்கணக்காக உழைத்துள்ளன. இல்லாதது நூல்! பிழையற்ற ஒருங்குறியில் அமைந்த இலக்கண உரைகள், பாடநூல்கள், தேர்வுக்குரிய நூல்கள். படமாக எடுத்து இணையத்தில் ஏற்றிய பழம்பதிப்புகள் ஆயிரக்கணக்கில் உள்ளன. அவற்றை எழுத்தாக்கும் எழுத்துணரிகள் பழுப்பேறிய தாளில் புள்ளியைத் தூசியென்றும் தூசியைப் புள்ளியென்றும் கொள்கின்றன. அவற்றைத் திருத்தும் வேலைக்குப் பொறிஞர் வேண்டா. ஒற்றறிந்த தமிழாசிரியர் வேண்டும். ஓய்வு பெற்று வீட்டில் இருக்கும் புலவர்கள் ஊருக்கு ஒருவர் இல்லையா? நாளொன்றுக்குப் பத்துப் பக்கம் என்றால் மலைப்பதற்கு என்ன இருக்கிறது?

நன்னூலின் எளிய உரையொன்றை அம்மாணவர் கேட்டார். எழுத்ததிகாரம் முழுவதையும் மாலை வேளைகளில் நானே தட்டச்சு செய்து அனுப்பிவிட்டேன். மூன்று இடத்தில் ஒற்றுப்பிழை கண்டு திருப்பி எழுதினார். இப்பொழுது சொல்லதிகாரத்தில் வினையியல் நடந்துகொண்டிருக்கிறது.