மகனுக்கு முதல் மோட்டார் சைக்கிள்



கடற்கரைக் கிராமம் ஒன்றிலிருந்து ஒரு தாய் எழுதிய கடிதம் இம்மாதம் என் மேசைமீது இருக்கிறது. அவருடைய மகனுக்கு 18 வயது நிறைந்துவிட்டது. 22 கிலோமீட்டர் தொலைவிலுள்ள பாலிடெக்னிக்கில் இடம் கிடைத்திருக்கிறது. காலையில் ஊருக்கு வரும் பேருந்து ஒன்றே. அது தவறினால் அன்றைய வகுப்பும் தவறும். வளைகுடா நாட்டில் பணிபுரியும் தந்தையோ, "அவன் கேட்கிற வண்டியையே வாங்கிக் கொடு" என்று தொலைபேசியில் சொல்லிவிட்டார். மகன் கேட்பது 200 சி.சி. வண்டி. "சுவாமி, வளையலை அடகு வைக்க நான் தயங்கவில்லை. எந்த வண்டியை வாங்கினால் அவன் மாலையில் வீடு திரும்புவான் என்று மட்டும் சொல்லுங்கள்" என்று கடிதம் முடிகிறது.

அம்மா, அத்தகைய வண்டி எந்தக் கடையிலும் விற்பனைக்கு இல்லை. ஆயினும், கற்றுக்கொள்பவனின் பிழையைப் பொறுத்துக்கொள்ளும் வண்டியும் உண்டு. முதற் பிழையிலேயே தண்டித்துவிடும் வண்டியும் உண்டு. இவ்விரண்டையும் பிரித்தறிவது அத்துணைக் கடினமன்று.

கிளைப் பங்குகளுக்குச் சென்று வருவதற்காக நான் முதன்முதல் வாங்கியது ஒரு பழைய புல்லட். அக்காலத்துப் புல்லட்டில் கியர் வலக்காலிலும் பிரேக் இடக்காலிலும் இருக்கும். அதிலேயே பழகிய நான், ஒருநாள் நண்பரின் வண்டியை இரவல் வாங்கிச் சென்றேன். குறுக்கே ஓர் ஆடு வந்தது. என் இடக்கால் தானாகவே பிரேக்கைத் தேடி, அங்கிருந்த கியரை மிதித்தது. ஆடு பிழைத்தது, நான் கருவேல வேலியில் கிடந்தேன். முதல் வண்டி கற்றுத் தரும் பழக்கம் உடலில் எவ்வளவு ஆழமாகப் பதிகிறது என்பதை அன்று அறிந்தேன். இப்போது விற்கும் வண்டிகளில் கியர் இடக்காலிலும் பின் பிரேக் வலக்காலிலுமே அமைந்துள்ளன. ஆதலால், பெரியப்பா வீட்டுக் கொட்டகையில் நிற்கும் பழைய வண்டியைத் துடைத்துக் கொடுக்கும் எண்ணம் யாருக்கேனும் இருப்பின், அதைக் கைவிடுவதே நன்று.

இனி மகனின் விருப்பத்துக்கு வருவோம். நம் ஊர்களில் எங்கும் காணும் ஸ்ப்ளெண்டர் போன்ற 100 சி.சி. வண்டியின் ஆற்றல் ஏறத்தாழ 8 குதிரைத் திறன். மகன் கேட்கும் வகையிலோ சில வண்டிகள் 25 குதிரைத் திறன் வரை உடையவை. கற்றுக்கொள்பவனின் கை, குழியில் வண்டி குலுங்கும்போது தன்னையறியாமல் ஆக்ஸிலரேட்டரை முறுக்கிவிடும். சிறிய வண்டி அப்போது சற்றே உறுமும். பெரிய வண்டி பாய்ந்துவிடும்.

எடையும் அவ்வாறே. 100, 125 சி.சி. வண்டிகள் பெரும்பாலும் 110 முதல் 125 கிலோ வரை இருக்கும். ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350 வண்டியின் எடையோ 195 கிலோ. மணலில் சாய்ந்தால் அதைத் தூக்கி நிறுத்த இன்னோர் ஆள் வேண்டும். கடையில் மகனை வண்டிமீது அமரச் செய்து பாருங்கள். இரு பாதங்களும் தரையில் நன்கு ஊன்ற வேண்டும். நுனிவிரலால் மட்டும் தொடுகிறான் என்றால், சந்தையருகே பேருந்துக்குப் பின்னால் நிறுத்தும்போது அவன் சாய்வான்.

பிரேக்கைப் பற்றித்தான் நான் சற்று விரிவாக எழுத வேண்டும். முன் பிரேக்கைப் பிடித்தால் தலைகுப்புற விழுவோம் என்று நம் இளைஞர்களுக்கு யாரோ கற்பித்துவிட்டார்கள். உண்மையில், வண்டி நிற்கும்போது அதன் பாரம் முன்னோக்கிச் சாய்வதால், நிறுத்தும் வேலையில் பெரும்பகுதியைச் செய்வது முன் சக்கரமே. திடீரென்று இறுக்கிச் சக்கரம் சுழலாமல் பூட்டிக்கொண்டால்தான் வண்டி சறுக்கும். அப்படிப் பூட்டிக்கொள்ளாமல் காப்பது ஏ.பி.எஸ். என்னும் அமைப்பு. ஒரு பிரேக்கை இயக்கினாலும் இரு சக்கரங்களும் பிடிபடச் செய்வது சி.பி.எஸ். 2019 ஏப்ரல் முதல் 125 சி.சி.க்கு மேற்பட்ட புதிய வண்டிகளில் ஏ.பி.எஸ். கட்டாயமாக்கப்பட்டது, அதற்குட்பட்டவற்றில் இரண்டில் ஒன்று இருந்தாக வேண்டும் என்று விதிக்கப்பட்டது.

"பெரிய வண்டியில் ஏ.பி.எஸ். இருக்கிறதே, சுவாமி" என்று உங்கள் மகன் வாதிடக்கூடும். கெட்டிக்காரப் பிள்ளை. ஆயினும் அவனிடம் ஒரு கணக்கைப் போடச் சொல்லுங்கள். 40 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி ஒரு விநாடியில் 11 மீட்டர் கடக்கும். 80இல் 22 மீட்டர். ஆட்டைக் கண்டு கை பிரேக்குக்குப் போவதற்குள்ளேயே அந்த ஒரு விநாடி கழிந்துவிடும். அதன்பின் நிற்பதற்கு வேண்டிய தூரமோ, வேகம் இருமடங்கானால் நான்கு மடங்காகும். இக்கணக்கை எந்தக் கருவியாலும் மாற்ற இயலாது.

எனவே என் கருத்து இது: முன்சக்கரத்தில் டிஸ்க் பிரேக் உள்ள 125 சி.சி. வண்டி. டிஸ்க்குக்காகச் சில ஆயிரம் கூடுதலாகக் கேட்பார்கள். வண்ணப் பட்டைக்கும் அலங்காரத்துக்கும் கொடுப்பதை அதற்குக் கொடுங்கள். டியூப்லெஸ் டயராக இருத்தல் நலம். ஆணி குத்தினாலும் காற்று மெல்லவே இறங்கும். ஸ்கூட்டர் போதாதோ என்று கேட்பீர்கள். ஊருக்குள் அது சாலப் பொருந்தும். ஆனால் அதன் சிறு சக்கரம் குழியில் இறங்கிவிடும். நாள்தோறும் 44 கிலோமீட்டர் செல்பவனுக்குப் பெரிய சக்கரமே ஏற்றது.

பழைய வண்டி வாங்குவதாயின், டயரின் பக்கச் சுவரில் நான்கு இலக்கங்களைத் தேடுங்கள். 2319 என்றிருந்தால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் செய்தது என்று பொருள். பள்ளம் தேயாதிருந்தாலும் ரப்பர் முதிர்ந்து வெடித்த டயர் ஆகாது. ஆர்.சி.யில் பெயர் மாற்றத்துக்கு 30 நாள்களுக்குள் விண்ணப்பித்துவிடுங்கள். விற்றவரின் வாக்குறுதியை நம்பி இருந்துவிட வேண்டாம்.

வண்டி வீட்டுக்கு வந்ததும் பின்சக்கரத்தின் ஓரத்திலுள்ள சேலைக் காப்பைக் கழற்றி எறிவது இன்றைய இளைஞரிடையே ஒரு நாகரிகமாகிவிட்டது. அழகு கெடுகிறதாம்! பின்னால் அமர்பவரின் உடை சக்கரத்தில் சிக்காதிருக்க அது வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. பின்னால் அமரப் போவது யார்? சந்தைக்குச் செல்லும் நீங்கள். துப்பட்டா அணிந்த உங்கள் மகள். துப்பட்டா சக்கரத்தில் சுற்றி இறந்த ஒரு பெண்ணின் அடக்கச் சடங்கை நான் நிறைவேற்றியிருக்கிறேன். அண்ணன்தான் வண்டியை ஓட்டியவன். கல்லறைத் தோட்டத்தில் அவன் என்னிடம் கேட்ட கேள்விக்கு இன்றுவரை என்னிடம் விடையில்லை.

கடிதத்தில் இளைய மகனைப் பற்றியும் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள், 15 வயது. சாவியை அவன் கைக்கு எட்டாமல் வையுங்கள். 2019ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டப்படி, சிறுவன் ஓட்டிக் குற்றம் நேர்ந்தால் பெற்றோர்க்கு மூன்றாண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு. அவனுக்கு 25 வயது வரை உரிமம் கிடையாது.

பெரியவன் இன்றே எல்.எல்.ஆர். எடுக்கட்டும். 30 நாள்கள் கழித்தே ஓட்டுநர் தேர்வுக்குச் செல்ல முடியும். அதற்குள் அதிகாலையில் பள்ளி மைதானத்தில் முன் பிரேக்கை மெல்ல அழுத்திப் பழகட்டும். தலைக்கவசம் ஐ.எஸ்.ஐ. முத்திரையுடன், தாடை வரை மூடுவதாக, அவன் தலைக்கே பொருத்திப் பார்த்து வாங்குங்கள். அதற்கான பணத்தை வண்டி விலையோடு சேர்த்தே எடுத்து வையுங்கள். பிறகு என்றால் மிஞ்சாது.

புது வண்டியை மந்திரிக்கக் கோவில் முற்றத்துக்குக் கொண்டுவருவோரிடம் நான் முதலில் உரிமத்தைக் கேட்பேன். பிறகு கண்ணாடிகள் இரண்டும் சேலைக் காப்பும் இருக்கின்றனவா என்று பார்ப்பேன். இதனால் என்மீது சிலருக்கு வருத்தம் உண்டு. உங்கள் மகன் வரும்போது தலைக்கவசத்தையும் எடுத்துவரச் சொல்லுங்கள். அதையும் சேர்த்தே மந்திரித்துத் தருகிறேன்.