“சர்வர் இல்லை” என்னும் சொல்

நோய் இன்னதென்று தெளியாமல் மருந்து கொடுக்கும் மருத்துவனை உலகம் மெச்சுவதில்லை. ஆயினும் நம் காலத்தில் எங்கும் வழங்கும் ஒரு சொல், நோயை ஆராயாமலே நோயாளியைத் திருப்பி அனுப்பிவிடுகின்றது. “சர்வர் இல்லை” என்பதே அச்சொல்.

திருப்பத்தூர் மாவட்டத்துச் சவ்வாது மலைமேல் புதூர்நாடு, புங்கம்பட்டுநாடு, நெல்லிவாசல்நாடு என மூன்று நாடுகள் உள. மலையாளி எனப் பெயரிய பழங்குடி மக்கள் சாமை முதலியன விளைத்து ஆண்டு வாழ்கின்றனர். சென்ற விடுமுறையில் யாம் புதூர்நாட்டுப் பக்கம் சென்றிருந்தபோது, மலையூர் ஒன்றின் நியாயவிலைக் கடைமுன் கண்ட காட்சி எம் உள்ளத்தை விட்டு அகலவில்லை. மூதாட்டி ஒருத்தி கருவியின்மேல் விரலை வைத்தாள், எடுத்தாள், முந்தானையில் துடைத்து மீண்டும் வைத்தாள். கடைக்காரர் கருவியைக் கையிலேந்தி வெளியே சென்று, மேட்டில் ஏறி நின்று பார்த்தார். பின்னர், “சர்வர் இல்லை, பாட்டி, நாளைக்கு வாருங்கள்” என்றார். அவளோ, “என் விரல்தான் தேய்ந்துபோச்சு, தம்பி” என்று தன்னையே நொந்துகொண்டு நடந்தாள். 2011-ஆம் ஆண்டு ஜூன் முதல் நம் மாநிலத்தில் விலையின்றி வழங்கப்பெறும் அரிசி, மூட்டை மூட்டையாக அவள் கண்முன்னேயே இருந்தது.

குற்றம் விரலதுதானா? கைரேகை செல்லும் வழியைச் சிறிது நோக்குவோம். கருவியினின்று கோபுரத்திற்கும், ஆண்டிருந்து குடும்ப அட்டைகளின் பதிவைக் காக்கும் சர்வருக்கும், பின்னர் ஆதார் களஞ்சியத்திற்கும் அது தூது செல்லவேண்டும். ஆதாரின் தரவு நிலையங்கள் பெங்களூரிலும் வடக்கே மானேசரிலும் உள. இவ்வளவும் சென்று மீண்டாலன்றி மலையூரிலே படி அரிசி அளக்கப்படாது.

தூதன் வழியில் இடறும் இடங்கள் பல. ஊரைவிட்டுப் புறப்படவே வழியின்றி அலைக்குறி அற்றிருக்கலாம். அதே நிறுவனத்தின் சிம் உள்ள வேறொரு கைப்பேசியும் வேலை செய்யாதாயின், குறை அலையிலே என்று ஐயுறலாம். சர்வரின் பெயரை எண்முகவரியாக மாற்றித் தரும் பெயரேடு மறுமொழி தாராதிருக்கலாம். முகவரி கிடைத்து வீட்டை அடைந்தும், கதவு அடைத்திருக்கலாம். மைஎஸ்கியூஎல் என்னும் தரவுத்தள நிரல் வழக்கமாக 3306 என்னும் வாயிலிலும், போஸ்ட்கிரெஸ் 5432 என்னும் வாயிலிலும் காத்திருக்கும். நிரல் நின்றுபோயின், “இணைப்பு மறுக்கப்பட்டது” என்னும் விடை பெரும்பாலும் உடனே வரும். விடையே வாராமல் நேரம் கழியுமாயின், இடைவழியோ, செய்தியை மறிக்கும் காவற்சுவரோ காரணமாதல் கூடும். மறுப்பு வேறு, மௌனம் வேறு. கதவு திறந்தும் கடவுச்சொல் செல்லாதொழியலாம்; பலர் ஒருங்கே நெருங்கி இடமின்றிப் போகலாம். இவையெல்லாம் கடந்தபின்னரே, உழைத்துத் தேய்ந்த விரல் பொருந்தாமை என்னும் குறைக்கு இடமுண்டு.

இத்துணைக் குறைகளுக்கும் ஒரே பெயரிடுதல் தகுமா? அலை அற்றதற்குக் கோபுரமும், நிரல் நின்றதற்கு நகரத்திலுள்ள பொறுப்பாளரும், விரல் தேய்ந்ததற்குக் கருவிழி பார்த்தல் போன்ற வேறு முறையுமே மருந்தாம். ஒன்றன் மருந்து மற்றொன்றைத் தீர்க்காது. கருவி காட்டிய சொல்லையும் அது தோன்றிய வேளையையும் கடைக்காரர் ஒரு குறிப்பேட்டில் எழுதிவருவாராயின், சில திங்களிலேயே நோயின் முதல் வெளிப்படும் என்பது எம் துணிபு.

அதுகாறும் பசித்தவர் காத்திருத்தல் வேண்டுமோ? வேண்டா. பிணையக் குறையாலோ கைரேகைக் குறையாலோ ஒருவருக்கு உணவு தானியத்தை மறுத்தலாகாது என்றும், அட்டைகளை நேரிற்கண்டு வழங்குக என்றும், நடுவண் அரசு 2017 அக்டோபர் 24-ஆம் நாள் மாநிலங்களுக்கு அறிவுறுத்தியுளது. அங்ஙனமாயின் பொய்யர் புகுவர் என்பார் உளர். அவ்வச்சம் வீணன்று. ஆனால், அவ்வாறு வழங்கியதைத் தனியேட்டில் எழுதிக் கையொப்பமோ விரற்குறியோ பெற்றுப் பின்னர்ச் சரிபார்த்தல் இயலாத செயலன்று. கள்ளர் சிலரைத் தடுக்கும் பொருட்டு மெய்யர் ஒருத்தியைப் பட்டினியுடன் அனுப்புதல் முறையாமோ?

இதே சவ்வாது மலையின் காவலூரிலே, 1986-ஆம் ஆண்டு வைணு பாப்புவின் பெயர் சூட்டப்பெற்ற வானோக்ககத்தில், 2.34 மீட்டர் விட்டமுடைய தொலைநோக்கி உளது. எண்ணற்கரிய தொலைவிலுள்ள விண்மீனின் ஒளி இம்மலையை வந்தடைகின்றது. மூதாட்டியின் விரற்குறியோ இம்மலையைவிட்டு இறங்க அரிதாகின்றது. இதனை நினைக்குந்தோறும் நாணுகின்றோம்.

கணிப்பொறி பயிலும் தோழர்காள்! இத்தகைய நிரல்களை நாளை எழுதப்போகிறவர்கள் நீங்களே. “அலை இல்லை,” “சர்வர் மறுக்கின்றது,” “ரேகை பொருந்தவில்லை” எனக் குறையைப் பிரித்து நல்ல தமிழிலே காட்டுமாறு அவற்றை அமையுங்கள். தன் பிழையல்லாத ஒன்றிற்காக ஒரு முதியவள் தன் விரலைப் பழித்துக்கொண்டு மலைவழி நடவாதிருக்க, அச்சிறு உதவியேனும் நாம் செய்யக் கடமைப்பட்டுள்ளோம்.