மோட்டார் சைக்கிள் கூட்டுப் பயணங்களும் கல்முனை வீதியும்

பெருநாள் தினங்களிலும் கோயில் திருவிழாக் காலங்களிலும் களுவாஞ்சிக்குடியினூடாகப் பயணிப்போர் காணத் தவறாத காட்சி ஒன்றுண்டு. மருதமுனையிலிருந்து பாசிக்குடாவுக்கும் காத்தான்குடியிலிருந்து அறுகம்பைக்கும் இளைஞர்கள் மோட்டார் சைக்கிள்களில் அணிதிரண்டு செல்கின்றனர். களுவாஞ்சிக்குடி இளைஞர்களோ பட்டிருப்புப் பாலத்தைக் கடந்து, படுவான்கரை வழியே தாந்தாமலைக்குச் செல்கின்றனர்.

இதில் குறைகாண எதுவுமில்லை. நாட்டில் பதிவு செய்யப்பட்ட வாகனங்களில் பாதிக்கும் மேற்பட்டவை மோட்டார் சைக்கிள்களே. வான் பிடித்துச் செல்ல வசதியற்ற நண்பர்களுக்கு வேறு வழிதான் என்ன? ஆயினும், 2020 இல் விதிக்கப்பட்ட வாகன இறக்குமதித் தடை 2025 வரை நீடித்ததால், பழைய வண்டிகளே பலரிடம் எஞ்சியுள்ளன. தேய்ந்த டயரும் தளர்ந்த பிரேக்கும் கொண்ட ஒரு வண்டி, அதனைப் பின்தொடரும் அனைவருக்கும் ஆபத்தாகும்.

மணிக்கு 50 கிலோமீற்றர் வேகத்தில் செல்லும் வண்டி ஒரு செக்கனில் ஏறத்தாழ 14 மீற்றரைக் கடக்கிறது. முன்னால் மாடு குறுக்கிடுவதைக் கண்டு பிரேக்கை அழுத்துவதற்குள்ளேயே அத்தூரம் கழிந்துவிடும். பேசிச் சிரித்தவாறு இருவர் மூவராக ஒரே வரிசையில் செல்வோருக்கு விலகுவதற்கும் இடமிராது. உலகெங்கும் அனுபவமிக்க ஓட்டுநர்கள் கைக்கொள்ளும் முறை எளிமையானது. முதலாமவர் தமது ஒழுங்கையின் வலப்புறமாகவும், அடுத்தவர் ஒரு செக்கன் இடைவெளியில் இடப்புறமாகவும், மூன்றாமவர் மீண்டும் வலப்புறமாகவும் செல்வர். நேர் முன்னே செல்பவருக்கும் தமக்குமிடையே இரண்டு செக்கன் இடைவெளி இருக்கும். பாலங்களிலும் வளைவுகளிலும் மணல் படிந்த இடங்களிலும் ஒற்றை வரிசையே உகந்தது.

பதினைந்து பேர் செல்வதாயின் ஐந்தைந்து பேராகப் பிரிவதே நன்று. புதிதாக ஓட்டப் பழகியவர் தலைவருக்கு அடுத்தபடியாகவும், தேர்ந்த ஒருவர் இறுதியிலும் செல்லவேண்டும். முன்னவர் பஸ்ஸை முந்திவிட்டார் என்பதற்காகப் பின்னவரும் முந்தலாகாது; எதிரே வருவதை ஒவ்வொருவரும் தாமே பார்த்துத் தீர்மானிக்க வேண்டும். கூட்டத்தை விட்டுப் பிரிந்துவிடுவோமோ என்ற பதற்றமே பல விபத்துகளுக்கு வித்திடுகிறது. சந்திகளில் ஒருவர் நின்று பின்னால் வருவோருக்கு வழிகாட்டினால் அப்பதற்றம் நீங்கும்.

தலைக்கவசம் மரண ஆபத்தை 42 சதவீதத்தாலும் தலைக்காயத்தை 69 சதவீதத்தாலும் குறைப்பதாக 2008 இல் வெளியான சர்வதேச ஆய்வுத் தொகுப்பொன்று கண்டறிந்தது. பட்டியை இறுக்காது பொலிஸாருக்காக மட்டும் அணியும் தலைக்கவசத்தால் இப்பயன் கிட்டாது. குடும்பமாகச் செல்வோர் சேலைத் தலைப்பும் அபாயாவின் ஓரமும் பின்சில்லில் சிக்காதவாறு பார்த்துக்கொள்வது அவசியமாகும்.

எமது பிரதேசத்தில் இவ்விடயத்துக்குப் பிறிதொரு பரிமாணமும் உண்டு. தமிழ்க் கிராமங்களும் முஸ்லிம் ஊர்களும் மாறிமாறி அமைந்த வீதி இது. 1985, 1990 ஆம் ஆண்டுகளின் வடுக்களைச் சுமப்பது. ஓர் ஊரின் இளைஞர் கூட்டம் மற்றோர் ஊரின் வயோதிபரையோ பாடசாலைச் சிறுவனையோ மோதிவிட்டால், அதனை வெறும் விபத்தாக மட்டும் பார்க்கும் மனநிலை எல்லோரிடமும் இருக்குமென எதிர்பார்க்க முடியாது. ஹோர்னை அலறவிட்டு, சைலன்சரைக் கழற்றிவிட்டு மற்றைய ஊரின் கோயிலையோ பள்ளிவாசலையோ கடப்பது விளையாட்டாகத் தோன்றலாம். அங்குள்ளோருக்கு அது அவ்வாறு தோன்றுவதில்லை.

பள்ளிவாசல் நிருவாகத்தினரும் ஆலய பரிபாலன சபையினரும் விளையாட்டுக் கழகத்தினரும் பெருநாளுக்கும் திருவிழாவுக்கும் ஒரு வாரம் முன்னதாக இளைஞர்களை அழைத்துப் பேசலாம். களுவாஞ்சிக்குடிப் பொலிஸாரும் தண்டப்பணச் சீட்டுடன் வீதியோரம் காத்து நிற்பதற்குப் பதிலாக அக்கூட்டங்களில் கலந்துகொண்டு, வண்டிகளின் பிரேக்கையும் விளக்குகளையும் பார்த்துக் கொடுக்கலாம். படுவான்கரைக்குச் செல்வோர் யானைகள் வீதிக்கு இறங்குமுன், பொழுது சாய்வதற்குள் பட்டிருப்புப் பாலத்தைக் கடந்து திரும்பிவிடுமாறு அங்கேயே சொல்லி அனுப்பலாம்.