நீரின் இரண்டாம் பயணம்

நுழையும்முன்

பயன்படுத்தி முடித்த நீர் எங்கே போகிறது என்னும் வினாவை எழுப்புவோர் குறைவு. அந்நீரைத் தூய்மையாக்கி மீண்டும் ஊருக்கே தரும் அறிவியல் அரை நூற்றாண்டுக்கு முன்பே மனிதருக்குக் கைவந்துவிட்டது. ஆயினும் அதனை ஏற்பதில் தயக்கம் நீடிக்கிறது. அத்தயக்கத்தின் வேரையும் அது நீங்கும் வழியையும் ஆராய்கிறது இக்கட்டுரை.

2019ஆம் ஆண்டு ஜூலை 12ஆம் நாள், ஜோலார்பேட்டையிலிருந்து புறப்பட்ட தொடர்வண்டி ஒன்று சென்னை வில்லிவாக்கத்தை வந்தடைந்தது. அதன் 50 பெட்டிகளிலும் பயணியர் எவரும் இல்லை. நீர் மட்டுமே இருந்தது. 25 லட்சம் லிட்டர் காவிரி நீர்! பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளும் ஏறத்தாழ வறண்டு, வெடித்த தரையைக் காட்டிக் கிடந்த காலம் அது. 200 கிலோமீட்டருக்கும் மேல் கடந்து வந்த அந்த நீர்வண்டி நாடெங்கும் செய்தியாயிற்று.

அந்த 25 லட்சம் லிட்டரைச் சற்றே கணக்கிட்டுப் பார்க்கலாம். பாதாளச் சாக்கடை வசதி உள்ள இந்திய நகரங்களில் ஒருவருக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் நீர் வழங்க வேண்டும் என்பது நெறிமுறை. அதில் 80 விழுக்காடு, அதாவது 108 லிட்டர், குளியலறை, அடுக்களை, கழிவறை வழியாகச் சாக்கடையைச் சேர்கிறது என்று பொறியாளர்கள் கணக்கில் கொள்கின்றனர். அவ்வாறாயின், ஏறத்தாழ 23,000 பேர் ஒரு நாளில் வெளியேற்றும் கழிவுநீரும் அவ்வண்டி சுமந்துவந்த நீரும் ஒரே அளவு. வறட்சியால் நீர் வழங்கல் பாதியாகக் குறைந்திருந்தது என்று கொண்டாலும் 46,000 பேர். மாநகரின் மக்கள்தொகையில் இது மிகச்சிறு பகுதியே. தொலைவிலிருந்து நீர் வண்டியேறி வந்த அதே நாளில், அதனினும் பல மடங்கு நீர் நகரின் அடியிலேயே குழாய்களில் ஓடி, கூவத்திலும் அடையாற்றிலும் பக்கிங்காம் கால்வாயிலும் கலந்து, கடலுக்குப் போய்க்கொண்டிருந்தது.

கழிவுநீரில் கழிவு எவ்வளவு?

இல்லங்களிலிருந்து வெளியேறும் கழிவுநீரில் 99.9 விழுக்காடு நீரே. ஆயிரத்தில் ஒரு பங்குதான் பிற பொருள்கள். அந்த ஒரு பங்கை எளிதாக எண்ணிவிடவும் இயலாது. நோய்க்கிருமிகள், உப்புகள், சவர்க்காரம், உடலில் கரையாது வெளியேறும் மருந்தின் எச்சம் ஆகிய அனைத்தும் அதற்குள் அடக்கம்.

சுத்திகரிப்பு நிலையத்தில் முதலில் மணலும் கசடும் படியவைக்கப்படுகின்றன. பின்னர், காற்றூட்டப்படும் தொட்டிகளில் கோடிக்கணக்கான நுண்ணுயிரிகள் கரைந்துள்ள கரிமப் பொருளை உண்கின்றன. ஆறு தன் போக்கில் பல நாள் செய்யும் பணியைத் தொட்டி சில மணி நேரத்தில் செய்துவிடுகிறது. முறை ஒன்றுதான், விரைவுதான் வேறு. இவ்விரு நிலைகளோடு நிறுத்திக்கொண்டால் கிடைக்கும் நீர் ஆற்றில் விடத் தக்கது, வீட்டுக்கு ஏற்றதன்று. மூன்றாம் நிலையில் அந்நீர் நுண்வடிகட்டிகளின் வழியே செலுத்தப்படுகிறது. அடுத்து, எதிர்ச் சவ்வூடு பரவல் முறையில், உப்பையும் கிருமிகளையும் தடுத்து நீர் மூலக்கூறுகளுக்கு மட்டும் வழிவிடும் மெல்லிய சவ்வுகளினூடே பேரழுத்தத்தில் பிழியப்படுகிறது. இறுதியில் புறஊதாக் கதிரோ குளோரினோ எஞ்சிய ஐயத்தையும் போக்குகிறது.

கடல்நீரைக் குடிநீராக்கவும் இதே சவ்வுகளே பயன்படுகின்றன. ஆனால், ஒரு லிட்டர் கடல்நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்பு கரைந்திருக்கிறது. வீட்டுக் கழிவுநீரிலோ பெரும்பாலும் ஒரு கிராம் அளவே. உப்பு குறையுமிடத்து அழுத்தமும் குறையும். மின்செலவும் வெகுவாகக் குறையும். மீஞ்சூரிலும் நெம்மேலியிலும் கடல்நீரை நன்னீராக்கப் பெரும்பொருள் செலவிடும் நகரம், அதனினும் எளிதில் தூய்மையாகும் நீரைக் கடலுக்கு அனுப்பிவைப்பது வியப்புக்குரிய பொருளாதாரம்.

கழுநீரும் கழிவுநீரும்

நீரை ஒருமுறை பயன்படுத்தியதும் எறிந்துவிடும் வழக்கம் தமிழர் இல்லங்களில் அண்மையில் வந்தது. அரிசி களைந்த நீர் கழுநீர்ப் பானையில் சேர்ந்து மாட்டுக்குப் போயிற்று. கிணற்றடியில் குளித்த நீர் வாழைக்குப் பாய்ந்தது. மேலை ஏரி நிரம்பினால் கலிங்கு வழியே வழிந்த நீர் மறுகாலில் ஓடிக் கீழை ஏரியை நிறைத்தது. ஊர்களில் குடிநீருக்கென்று ஊருணி தனியே காக்கப்பட்டது. குளிக்கவும் துவைக்கவும் வேறு குளம். மாடு இறங்க இன்னொரு குட்டை. எந்தப் பணிக்கு எந்த நீர் என்று தரம் பிரித்து வழங்கும் அறிவு அவ்வமைப்பில் இருந்தது. இன்றைய நகரங்களிலோ கழிவறையைக் கழுவவும் கட்டடச் சுவரை நனைக்கவும் ஆலைக் கொதிகலனை நிரப்பவும் குடிக்கத் தகுந்த நீரே செலவாகிறது.

கழுநீர், கழிவுநீர் என்னும் இரு சொற்களும் ஒலியால் நெருங்கியவை. ஒன்று, கழுவிய நீர். அதற்கு இன்னும் வேலை இருக்கிறது. மற்றொன்று, கழித்து ஒதுக்கிய நீர். அதற்கு வேலை முடிந்துவிட்டது. எனினும், பழம்பெருமையை மட்டும் பேசிச் சிக்கலைத் தீர்க்க இயலாது. வாழைக்குப் பாய்ந்த அந்நீரில் வேதிச் சவர்க்காரம் இல்லை. சாயப்பட்டறைக் கழிவு இல்லை. ஒரு தெருவில் இத்தனை குடும்பங்களும் இல்லை. பழைய அறிவைப் புதிய அளவில் நிகழ்த்திக் காட்டிய ஊரைத் தேடின், கண்டம் கடந்து செல்ல வேண்டியிருக்கிறது.

பாலைகளுக்கு நடுவே ஒரு நகரம்

ஆப்பிரிக்காவின் தென்மேற்கில் உள்ள நமீபியாவின் தலைநகர் விண்ட்ஹோக். ஒருபுறம் நமீபுப் பாலை. மறுபுறம் கலகாரிப் பாலை. சென்னையில் ஆண்டுக்கு ஏறத்தாழ 1,400 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. விண்ட்ஹோக்கில் அதில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. பெய்ததில் பெரும்பகுதியையும் வெயில் குடித்துவிடும். ஆண்டு முழுதும் நீரோடும் ஆறு எதுவும் அருகில் இல்லை.

இந்நகரம் 1968ஆம் ஆண்டில், கொரீங்காப் என்னுமிடத்தில், வீடுகளின் கழிவுநீரைத் தூய்மையாக்கி நேரடியாகக் குடிநீர்க் குழாய்க்கே அனுப்பும் நிலையத்தை அமைத்தது. உலகில் அதற்குமுன் எந்நகரமும் இவ்வாறு செய்ததில்லை. 2002ஆம் ஆண்டில் கட்டி முடிக்கப்பட்ட புதிய நிலையம் நாளொன்றுக்கு 2.1 கோடி லிட்டர் நீரைத் தரவல்லது. நகரின் குடிநீரில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு இவ்வாறு கிடைக்கிறது. ஓசோன், கரி, நுண்வடிகட்டி, குளோரின் என ஒன்று தவறினும் மற்றொன்று காக்கும்வண்ணம் பல அரண்கள் அங்கே அடுத்தடுத்து உள்ளன.

அந்நகரின் வெற்றியில் கற்கத்தக்கது எந்திரத்தைவிட இரு ஒழுங்குகளே. முதலாவது, ஆலைக் கழிவு வேறு, வீட்டுக் கழிவு வேறு என்று குழாயிலேயே பிரித்துவிட்டனர். எதனால் அழுக்கானது என்று தெரிந்த நீரை எளிதில் தூய்மையாக்கலாம்; என்னென்ன கலந்தது என்றே தெரியாத நீரை என்செய்வது? இரண்டாவது, இடைவிடாத சோதனை. குறித்த அளவை நீர் எட்டவில்லையெனில் அது ஊருக்குள் செல்லாது. இங்கே ஒன்றை மறைக்காது கூற வேண்டும். 1968இல் அந்நாடு தென்னாப்பிரிக்க இனவெறி ஆட்சியின்கீழ் இருந்தது. பெரும்பான்மைக் கறுப்பின மக்களுக்கு வாக்குரிமையே இல்லை. மக்களின் இசைவைப் பெற்றுத் தொடங்கிய திட்டம் என்று அதனைப் பாராட்ட இயலாது. நம்பிக்கை பின்னரே, பல்லாண்டுக் காலப் பயன்பாட்டின் வழியே வளர்ந்தது.

வாக்குச்சீட்டும் நீர்க்குப்பியும்

மக்களைக் கேட்ட ஊர் ஒன்றும் உண்டு. ஆஸ்திரேலியாவின் துவூம்பா நகரம் கடும் வறட்சியில் சிக்கியபோது, தூய்மையாக்கிய கழிவுநீரை அணையில் கலக்கலாமா என்று 2006ஆம் ஆண்டு பொதுவாக்கெடுப்பு நடத்தியது. ஏறத்தாழ 62 விழுக்காட்டினர் வேண்டாம் என்றனர். திட்டம் கைவிடப்பட்டு, வேறோர் அணையிலிருந்து நெடுந்தொலைவுக்குக் குழாய் பதிக்கப்பட்டது. சாக்கடையைக் குடிப்பதா என்னும் ஒரு முழக்கத்தின் முன் ஆய்வறிக்கைகள் எடுபடவில்லை.

சிங்கப்பூர் வேறு வழியில் சென்றது. மலேசியாவிலிருந்து வரும் நீரைப் பெரிதும் நம்பியிருந்த அத்தீவு, தன் நாட்டு நாள் விழாவில், 2002ஆம் ஆண்டு ஆகஸ்டில், மறுசுழற்சி நீரைக் குப்பிகளில் அடைத்து ஏறத்தாழ 60,000 பேருக்கு வழங்கியது. பிரதமர் கோ சோக் தோங் மக்களோடு சேர்ந்து அதனை அருந்தினார். 'நியூவாட்டர்' என்று பெயர் பெற்ற அந்நீருக்கென அமைந்த காட்சிக்கூடத்தில் பள்ளி மாணவர்கள் சவ்வுகளைக் கண்ணாடி வழியே கண்டனர். கழிவுநீர் என்னும் சொல்லை விடுத்துப் 'பயன்படுத்திய நீர்' என்னும் பொருள்படும் சொல்லை அரசு ஆளத் தொடங்கியது. நியூவாட்டரில் பெரும்பகுதி மின்னணுச் சில்லு ஆலைகளுக்கே போகிறது. ஒரு சிறு பகுதி நீர்த்தேக்கங்களில் கலந்து, மீண்டும் சுத்திகரிக்கப்பட்டு, வீடுகளைச் சேர்கிறது. பெயரை மாற்றியதால் மட்டும் நம்பிக்கை பிறந்துவிட்டது என்று எண்ணுதல் தவறு. கதவைத் திறந்து காட்டினர் என்பதே பெரிது.

நீரின் பிறப்பு

அருவருப்பு இயல்பான உணர்வு. அது மனித இனத்தைப் பல நோய்களிலிருந்து காத்திருக்கிறது. ஆனால், அது எப்போதும் நேர்மையாக நடந்துகொள்வதில்லை. ஆற்றின் மேற்புறத்தில் உள்ள ஊரின் சாக்கடை ஆற்றில் கலக்கிறது. கீழ்ப்புறத்தில் உள்ள ஊர் அதே ஆற்றிலிருந்து நீர் எடுக்கிறது. இந்திய ஆறுகள் பலவற்றின் நிலை இதுவே. கண்ணுக்குத் தெரியாத அந்த மறுசுழற்சியை எவரும் வெறுப்பதில்லை. அளந்து, சோதித்து, ஆறு அரண்களைக் கடந்துவந்த நீரைக் கண்டே முகம் சுளிக்கின்றனர். நீரின் தரம் என்ன என்று கேட்பதை விடுத்து, அது எங்கே பிறந்தது என்று கேட்கும் மனப்போக்கு இது. பிறப்பை வைத்து மதிப்பிடும் பழக்கத்தால் நெடுங்காலம் புண்பட்ட சமூகத்தில், இம்மனப்போக்கைக் கூர்ந்து நோக்க வேண்டியுள்ளது.

ஏனெனில் சாக்கடையின் மீதுள்ள வெறுப்பு, அதனைத் தூய்மை செய்யும் மனிதர்மீதும் படிந்திருக்கிறது. மனிதக் கழிவை மனிதரே அகற்றும் கொடுமையைத் தடைசெய்யும் சட்டம் 2013ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட பின்னரும், கழிவுநீர்த் தொட்டிக்குள் இறங்கி நச்சுக்காற்றால் உயிரிழந்தோர் பற்றிய செய்திகள் ஓயவில்லை. கழிவுநீரைச் செல்வமாகக் கருதும் திட்டம் எதுவும், குழாய் அடைப்பை நீக்க எந்திரம் வாங்குவதிலிருந்தே தொடங்க வேண்டும். சவ்வுக்குக் கோடி ரூபாய் ஒதுக்கிவிட்டு, ஆட்களைக் குழிக்குள் இறக்கும் நகரத்துக்குத் தூய்மை பற்றிப் பேசும் தகுதி இல்லை.

கொடுங்கையூரின் கேள்வி

தமிழ்நாடு இத்துறைக்குப் புதிதன்று. மணலியில் உள்ள உர ஆலையும் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையும் 1990களிலேயே நகரின் கழிவுநீரை வாங்கித் தூய்மையாக்கிப் பயன்படுத்தின. நீர்வண்டி வந்த அதே 2019ஆம் ஆண்டில், கொடுங்கையூரிலும் கோயம்பேட்டிலும் மூன்றாம் நிலைச் சுத்திகரிப்பு நிலையங்கள் இயங்கத் தொடங்கின. ஒவ்வொன்றும் நாளொன்றுக்கு 4.5 கோடி லிட்டர் நீர் தரும் திறனுடையது. இரண்டும் முழுத்திறனில் இயங்கினால், ஒரு நாளைய நீர் 36 நீர்வண்டிகளுக்கு ஈடாகும். மணலி, எண்ணூர் ஆலைகளுக்கும், இருங்காட்டுக்கோட்டை, திருப்பெரும்புதூர், ஒரகடம் தொழிற்பேட்டைகளுக்கும் அந்நீர் செல்கிறது.

குடிநீருக்கு முன்பாகத் தொழிற்சாலைக்குக் கொடுப்பது சரியான வரிசைதான். ஆலைக்கு மறுசுழற்சி நீர் போகுமளவுக்கு ஏரி நீர் வீடுகளுக்கு மிஞ்ச வேண்டும். மிஞ்சுகிறதா, மிஞ்சியது எவ்வூருக்குப் போகிறது என்பதே வினா. நகரத்தின் குப்பைக்கிடங்கையும் சாக்கடையையும் ஒருசேரத் தாங்கிக்கொண்டிருக்கும் பகுதி கொடுங்கையூர். அங்கே வாழும் குடும்பம் தன் ஊரில் தூய்மையான நீர் குழாய்வழி ஆலைகளுக்குப் போவதைப் பார்க்கிறது. அக்குடும்பத்தின் குழாயிலும் முன்னைவிட அதிக நீர் வந்தாலன்றித் திட்டம் நேர்மையானது என்று அது ஏன் ஒப்புக்கொள்ள வேண்டும்?

அறிவியல் சார்ந்த எதிர்ப்புகளும் புறந்தள்ளத்தக்கவை அல்ல. சவ்வுக்குள் செல்லும் நீரில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு, உப்பும் மாசும் செறிந்த எச்சமாக வெளியேறுகிறது. அதனை எங்கே விடுவது என்பது எளிய சிக்கலன்று. ஆலைக் கழிவு கலந்துவிட்டால் கணக்குகள் அனைத்தும் தவறிவிடும். திருப்பூர்ச் சாயப்பட்டறைகளின் கழிவால் நொய்யலாறு பாழான பின், 2011ஆம் ஆண்டில் உயர்நீதிமன்றம் அவற்றை மூட ஆணையிட்டது. அதன்பின்னரே, கழிவுநீரைத் துளியும் வெளிவிடாமல் மீட்கும் முறை அங்கே உறுதியாக வேரூன்றியது. முன்பே செய்திருந்தால் ஆறு தப்பியிருக்கும். உழவர்களின் கிணறுகளும் தப்பியிருக்கும்.

ஆகவே, தமிழக நகரங்கள் நாளையே கழிவுநீரைக் குடிநீர்க் குழாயில் இணைக்க வேண்டும் என்று எவரும் கோரவில்லை. ஆலைகள், கட்டுமானம், பூங்காக்கள், பின்னர் வறண்ட ஏரிகள் என்று படிப்படியே செல்லலாம். ஆனால், ஒவ்வொரு நிலையத்தின் சோதனை முடிவும் முதல் நாளிலிருந்தே மக்கள் பார்வைக்கு வர வேண்டும். நல்ல நாளின் அளவு மட்டுமன்றி, தவறிய நாளின் அளவும் வர வேண்டும். பத்தாண்டுக் காலம் அந்த எண்களைப் பார்த்துப் பழகிய மக்களிடம்தான் குடிநீர் பற்றிய இசைவைக் கேட்க முடியும். நெல் கொள்முதல் விலையையும் தங்கத்தின் விலையையும் நாள்தோறும் எழுதிவைக்கும் நாட்டில், நிலையத்தின் வாயிலில் நீரின் உப்பளவையும் கிருமியளவையும் தமிழில் எழுதிய பலகை ஒன்றை வைப்பது கடினமன்று. கொடுங்கையூரில் அதனை வைத்தால், முதலில் படிப்பவர்கள் அவ்வழியே பள்ளிக்குச் செல்லும் மாணவர்களாகவே இருப்பர்.