கியாந்தி மதுவில் யாருக்கு எந்தப் பாதி?

இத்தாலி தேசத்தில், பிளாரன்ஸ் நகருக்கும் சியனா நகருக்கும் நடுவே கியாந்தி என்ற மலைப்பிரதேசம் இருக்கிறது. அங்கே பிழியப்படும் சிவப்புத் திராட்சை மதுவுக்கும் அதே பெயர். மதுவைப் புகழ நாம் இதை எழுதவில்லை. குடி உழைப்பாளியின் வீட்டை என்ன பாடுபடுத்தும் என்று நம் வாசகர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அந்தத் திராட்சையைப் பயிரிட்ட கைகளைப் பற்றியே பேசுகிறோம்.

இந்த மதுவின் பக்குவத்தை வகுத்தவர் என்று சரித்திரம் ஒருவரைச் சொல்லுகிறது. அவர் புரோலியோ கோட்டையின் பிரபு பெட்டினோ ரிக்காசோலி. 1861ல் காவூருக்குப் பின் இத்தாலியின் பிரதம மந்திரியானவர். பல வருஷங்கள் சோதனை செய்து, 1872ல் ஒரு பேராசிரியருக்குக் கடிதம் எழுதினார். சான்ஜோவேசே என்ற கறுப்புத் திராட்சை மதுவுக்கு மணமும் வீரியமும் தரும். கனாயோலோ அதன் கடுமையைத் தணிக்கும். சீக்கிரம் செலவாகும் மதுவில் மால்வாசியா என்ற வெள்ளைத் திராட்சை கொஞ்சம் சேரலாம், நாள்பட வைப்பதற்கு வேண்டாம். பிரபுவின் சோதனையை நாம் மறுக்கவில்லை. ஆனால் கொடி நட்டவர், கிளை கழித்தவர், பழம் கொய்தவர் யார்?

வாரக் குடியானவர்கள்! அந்த முறைக்கு மெஸ்ஸாத்ரியா என்று பெயர். ‘மெஸ்ஸோ’ என்றால் பாதி. நிலமும் குடியிருக்கும் வீடும் பிரபுவுடையது. பாடு குடியானவனுடையது. கோதுமையானாலும் ஆலிவ் எண்ணெயானாலும் திராட்சையானாலும் மேல்வாரம் பாதி, குடிவாரம் பாதி. காகிதத்தில் படித்தால் நியாயம் போலத் தோன்றும். பாட்டன் முதல் பேரன் வரை குடும்பம் முழுவதும் முதுகு ஒடியப் பாடுபட்டதற்கு ஒரு பாதி. பாடுபடாத ஒருவருக்கு மறு பாதி. இதுதானா நியாயம்?

அதோடும் தீரவில்லை. கணக்குப் புத்தகம் காரியஸ்தர் கையில். விளையாத வருஷத்தின் கடன் அடுத்த வருஷத்தின் தலையில் ஏறும். பண்டிகைக்குப் பிரபு வீட்டுக்குக் கோழி, முட்டை, விதையடித்த சேவல் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். பெண்கள் பிரபு வீட்டுத் துணியை வெளுக்க வேண்டும். எதிர்த்துப் பேசினால் வெளியேற்ற நோட்டீஸ். நல்ல மது சந்தைக்குப் போக, பிழிந்த சக்கையில் தண்ணீர் ஊற்றி இறக்கிய சாறு குடியானவன் பானைக்கு வந்தது.

இரண்டாவது உலக யுத்தம் முடிந்ததும் டஸ்கனிக் குடியானவர்கள் நிமிர்ந்தார்கள். பாசிஸ்டுகளை எதிர்த்து மலைகளில் போராடியவர்களுக்குச் சோறு போட்டு மறைத்து வைத்த குடும்பங்கள் அல்லவா அவை? 1944ல் விவசாய மந்திரியாக இருந்த கம்யூனிஸ்ட் தோழர் பவுஸ்டோ குல்லோ வாரக்காரர்களுக்கு ஆதரவான உத்தரவுகள் போட்டார். கிராமந்தோறும் சங்கம் எழுந்தது. பண்டிகைச் சேவலைப் பிரபு வீட்டுக்குக் கொடுக்க மறுத்து, ஆஸ்பத்திரி நோயாளிகளுக்குக் கொண்டுபோய்க் கொடுத்த ஊர்களும் உண்டு. 1947 உடன்பாட்டில் குடிவாரம் 53 சதவீதமாயிற்று. மூன்று சதவீதம்தானா என்று சிரிப்பவர்கள் சிரிக்கட்டும். நூற்றாண்டுக் கணக்கில் அசையாத பாதி அன்றுதான் அசைந்தது.

1964ல் வந்த சட்டம் பங்கை 58 ஆக்கி, புதிய வார ஒப்பந்தங்களைத் தடுத்தது. 1982 சட்டம் பழைய வாரத்தையும் குத்தகையாக மாற்ற வழி செய்தது. ஆனால் வெற்றி தாமதமாக வந்தது. அதற்குள் வாலிபர்கள் தொழிற்சாலைகளைத் தேடி நகரங்களுக்குப் போய்விட்டார்கள். காலியான குடியானவர் வீடுகளில் பல பின்னால் பணக்காரர்களின் ஓய்வு மாளிகைகளாயின. கோதுமை நடுவே கொடி ஓடிய நிலங்கள் தனித் திராட்சைத் தோட்டங்களாயின. நிலத்தின் பெரும்பகுதி உழுதவன் கைக்கு வரவில்லை. வாரக்காரன் இடத்தில் கூலியாள் வந்து நின்றான்.

மதுவின் பக்குவம் மட்டும் அவ்வப்போது மாறியது. 1967 விதிகள் வெள்ளைத் திராட்சையைக் கட்டாயமாக்கின. பழைய கியாந்தியான ‘கிளாசிக்கோ’ வகையில் 2006 முதல் அதே வெள்ளைத் திராட்சைக்குத் தடை. புட்டியில் கறுப்புச் சேவல் சின்னம் பொறிக்கிறார்கள். 1924ல் உற்பத்தியாளர் சங்கம் எடுத்துக்கொண்ட சின்னம் அது. எந்தச் சேவல் என்று பழைய வாரக்காரன் வீட்டுக் கிழவியைக் கேட்டால் சொல்லுவாள்!

கூலியாள் நிலையோ தேசம் முழுவதும் மோசம். ஆள் பிடித்துக் கூலியில் பங்கு பிடுங்கும் கங்காணிக்கு அங்கே ‘கப்போராலே’ என்று பெயர். 2015 ஜூலையில் தெற்கே அபூலியாவில், விடியுமுன் பஸ்ஸில் ஏற்றிச் செல்லப்பட்ட ஒரு பெண் தொழிலாளி திராட்சைக் கொடியடியில் விழுந்து இறந்தாள். தேசம் கொதித்தது. தொழிற்சங்கங்கள் விடவில்லை. 2016ல் 199வது சட்டம் வந்தது. கங்காணியோடு, அவனிடம் ஆள் வாங்கிச் சுரண்டும் முதலாளிக்கும் 1 முதல் 6 வருஷம் வரை சிறைத்தண்டனை உண்டு என்கிறது அந்தச் சட்டம்.