மாடி போர்ஷனும் ஆறாயிரம் ரூபாயும்

மயிலாப்பூரில் கீழே குடியிருந்துகொண்டு மாடி போர்ஷனை வாடகைக்கு விட்டிருக்கும் ஒரு மாமி. வயது எழுபதைத் தாண்டியாயிற்று. குடும்ப ஓய்வூதியம் மருந்துக்கும் மளிகைக்கும் சரியாகப் போய்விடும். மற்ற எல்லாவற்றுக்கும் மாடி வாடகை 20,000 ரூபாய்தான். மேலே இருப்பவர்கள் வந்து நாலு வருஷம். வாடகை ஐந்தாம் தேதி தாண்டியதில்லை. மாமிக்கு முழங்கால் வலி என்றால் மருந்துக்கடைக்கு ஓடுவது அந்த வீட்டுப் பையன். அதனாலேயே இரண்டு வருஷமாக வாடகையை ஏற்ற மனம் வரவில்லை. 'பக்கத்துத் தெருவுல இதே சைஸ் வீடு 26,000-க்குப் போகுது' என்று புரோக்கர் ஒருவர் சொல்லிவிட்டுப் போனார். அன்றிலிருந்து மாமிக்குத் தூக்கம் இல்லை.

மயிலாப்பூர், தி.நகர், அடையாறு பக்கம் இப்படி எத்தனையோ வீடுகள். எப்போது ஏற்றுவது, எவ்வளவு ஏற்றுவது?

ஒரு காலத்தில் இதற்கு நீதிமன்றம் பதில் சொன்னது. 1960-ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தில் 'நியாய வாடகை' என்று ஒன்று உண்டு. கட்டடம், மனை இரண்டின் மதிப்பையும் கணக்கிட்டு, குடியிருப்பு என்றால் ஆண்டுக்கு 9 சதவீதம், கடை என்றால் 12 சதவீதம். இப்போது அந்தச் சட்டம் இல்லை. 2017-ல் இயற்றிய புதிய சட்டம் 2019 பிப்ரவரி 22-ல் அமலுக்கு வந்தது. அது சதவீதம் எதையும் சொல்லவில்லை. ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறதோ அதன்படி ஏற்றலாம், அவ்வளவுதான். 'வருஷத்துக்குப் பத்து பர்சன்ட் ஏத்தலாம்னு சட்டமே இருக்கு' என்று சொல்பவர்கள் ஊர் வழக்கத்தைச் சட்டமாக்கிவிடுகிறார்கள். ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிவாக வேண்டும் என்பதுதான் சட்டம். மாமியிடம் இருப்பது பதினொரு மாத அக்ரிமென்ட். பதிவுச் சட்டத்தில் ஒரு வருஷத்துக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிய வேண்டும் என்றிருப்பதால் பிறந்த பழக்கம் அது. அந்தப் பத்திரமும் காலாவதியாகி மூன்று வருஷமாகப் பீரோவில் தூங்குகிறது.

சரி, மாமி துணிந்து 26,000 கேட்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். மேலே இருப்பவர்கள் காலி செய்துவிடுகிறார்கள். வீடு இரண்டு மாதம் பூட்டிக் கிடந்தால் 40,000 போச்சு. மீதிப் பத்து மாதத்தில் கூடுதலாக வருவது 60,000. புரோக்கருக்கு ஒரு மாத வாடகை 26,000 கொடுத்தால், முதல் வருஷம் கையை விட்டு 6,000 போகிறது. இன்னும் வெள்ளையடிக்கவே ஆரம்பிக்கவில்லை. இரண்டாம் வருஷம் முதல் லாபம்தான், மறுப்பதற்கில்லை. ஆனால் புதிதாக வருபவரும் ஐந்தாம் தேதிக்காரராக இருக்க வேண்டும்.

இதைவிடப் பெரிய முள் அட்வான்ஸ். சென்னை வழக்கப்படி பத்து மாதம், 2,00,000 ரூபாய். புதிய சட்டம், வேறு விதமாக ஒப்புக்கொண்டால் தவிர, மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் கூடாது என்கிறது. மாமி வாங்கியது பழைய கணக்கு. அது கண் ஆபரேஷனில் கரைந்துவிட்டது. அவர்கள் காலி செய்கிறோம் என்றால் யாரிடம் போய் நிற்பது? மாமியின் தூக்கத்தைக் கெடுத்தது உண்மையில் இதுதான்.

ஏற்றுவதற்கும் காலம் உண்டு. ஆடியிலும் மார்கழியிலும் யாரும் வீடு மாறமாட்டார்கள். அப்போது காலியானால் டு-லெட் போர்டு வெயிலில் வெளுக்கும். 'ஆடியில சொன்னா எங்க போவாங்க?' என்று அதையே ஆயுதமாக்குகிறவர்களும் இருக்கிறார்கள். அது கழுத்தைப் பிடிக்கிற வேலை. ஜனவரியிலேயே 'ஜூனிலிருந்து இவ்வளவு' என்று சொல்லிவிட்டால், பிடிக்காதவர்கள் பள்ளிக்கூட விடுமுறையில் வேறு வீடு பார்த்துக்கொள்ள முடியும்.

காரணத்தைச் சொல்லிக் கேட்பது நல்லது, ஆனால் அளவாக. 2022-ல் சொத்துவரி ஏறியபோது சென்னையின் பழைய பகுதிகளில் 600 சதுர அடி வரையுள்ள வீடுகளுக்கு 50 சதவீதம், 1,800 சதுர அடிக்கு மேல் 150 சதவீதம் கூடியது. உண்மைதான். ஆனால் வரி ஆறு மாதத்துக்கு ஒரு தடவை, வாடகை மாதா மாதம். குடியிருப்பவருக்கும் வகுக்கத் தெரியும். அதேபோல மெட்ரோ வரப்போகிறது என்று லஸ்ஸிலும் பனகல் பார்க்கிலும் சிலர் முன்கூட்டியே ஏற்றினார்கள். தோண்டின தூசியைத் தின்றதும் அதே குடியிருப்பவர்தான்!

மேலே இருப்பவருக்கு வேறு பயம். பாத்ரூம் சுவருக்குள் பைப் ஒழுகி ஆறு மாதம் ஆகிறது. சொன்னால் மாமிக்கு வாடகை ஞாபகம் வந்துவிடுமோ என்று வாயைத் திறக்கவில்லை. குழாய் வாஷர் மாற்றுவது குடியிருப்பவர் பொறுப்பு, பைப் மாற்றுவதும் வெள்ளையடிப்பதும் உரிமையாளர் பொறுப்பு என்று சட்டத்தின் அட்டவணையிலேயே இருக்கிறது. அது இரண்டு பேருக்கும் தெரியாது.

பொங்கல் முடிந்த ஞாயிற்றுக்கிழமை மாமி அவரைக் கீழே கூப்பிட்டார்.

"உக்காருப்பா. ரெண்டு வருஷமா ஏத்தலை. ஜூன்லேர்ந்து இருபத்திரண்டா குடுத்துடறியா? அப்புறம் வருஷம் அஞ்சு பர்சன்ட். இந்தத் தடவை முறையா எழுதிப் பதிஞ்சுடலாம்."

அவர் கொஞ்ச நேரம் காபி டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார். இருபத்தைந்துக்குத் தயாராகத்தான் இறங்கி வந்திருந்தார்.

"சரி மாமி. அந்த பாத்ரூம் பைப்பை மட்டும் மாத்திக் குடுத்துடுங்க."

"எந்த பைப்?"